"வரலைன்னா?" என்ற ஒரு கேள்வி

எங்கள் வீட்டில் "சீட்டு" என்பது ஆகாத சொல். தீபாவளி அன்று கூட யாரும் ரம்மி ஆடியதில்லை. அப்படிப்பட்ட வீட்டுப் பேத்தி, பதினைந்து வயதுப் பெண், ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் ஒரு கடைக்குப் போய்ச் சீட்டு விளையாடிவிட்டு ஒன்பது மணிக்குத் திரும்புகிறாள் என்றால் அவள் அப்பாவுக்கு எப்படி இருக்கும்?

இந்த வருடம் ஐந்து மாதம் நியூஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தோம். போய் இறங்கிய இரண்டாம் வாரமே வழக்கு என்னிடம் வந்துவிட்டது.

"அப்பா, நீங்களாவது அவகிட்ட சொல்லுங்க. சீட்டெல்லாம் நம்ம வீட்டுக்கு ஆகாதுன்னு."

"தாத்தா, இது அந்தச் சீட்டு இல்ல. நீங்க வந்து பாத்துட்டு சொல்லுங்க."

முப்பத்துநான்கு வருடம் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். விடைத்தாளைப் பார்க்காமல் மதிப்பெண் போட்ட பழக்கம் கிடையாது. "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். பதினான்கு வெள்ளிக்கிழமைகள் அவள் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். பார்த்து நான் வந்த முடிவைத்தான் இங்கே எழுதுகிறேன். என் வயதுக்காரர்கள் பலருக்கும் பேரன் பேத்திகளால் இந்த வழக்கு வரக்கூடும்.

முதலில் விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். பெயர் "மேஜிக்: தி கேதரிங்". 1993இல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்று கேட்டதும் எனக்குப் பாதிக் கோபம் போய்விட்டது. நம் சீட்டாட்டத்தில் ஒரே கட்டை எல்லோருக்கும் பிரித்துப் போடுவோம். இதில் அவரவர் கட்டை அவரவர் வீட்டிலிருந்தே தயாரித்துக் கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் அதை "டெக்" என்கிறார்கள். இதுவரை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு சீட்டுகள் வந்திருக்கின்றன. அவற்றிலிருந்து குறைந்தது 60 சீட்டு. அடிப்படை நிலங்களைத் தவிர வேறு எந்தச் சீட்டும் நான்குக்கு மேல் கூடாது. ஆளுக்கு 20 உயிர். எதிராளியின் 20ஐ முதலில் பூஜ்யமாக்குபவர் ஜெயித்தார்.

சீட்டுகளில் ஒரு பகுதி நிலம். சுற்றுக்கு ஒரு நிலம் இறக்கலாம். நிலத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் "மானா" என்ற சக்தி கிடைக்கும். அதைச் செலவழித்துத்தான் மற்றச் சீட்டுகளைப் போட முடியும். சாய்ந்தது, தன் அடுத்த முறை வரும்போதுதான் நிமிரும். நம் ஊர் விவசாயி மாதிரிதான், நிலம் இருந்தால்தான் மற்றதெல்லாம்.

கட்டுவதில் பல வழிகள். சிலர் சின்னச் சின்ன வீரர்களை இறக்கி வேகமாக அடிப்பார்கள். சிலர் எதிராளி செய்வதையெல்லாம் தடுத்துத் தடுத்துக் களைப்படைய வைப்பார்கள். மூன்றாவது வழிதான் என் பேத்தி பிடித்தது. அதற்குப் பெயர் காம்போ. தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமான இரண்டு சீட்டுகள் ஒன்று சேர்ந்த கணத்தில் ஆட்டமே முடிந்துவிடும். காம்பினேஷன் என்பதன் சுருக்கம்தான் காம்போ. பதினொன்றாம் வகுப்பில் "சேர்வுகள்" என்று நான் கரும்பலகையில் எழுதிய அதே சொல்.

விளையாட்டு பிறந்த வருடமே இதுவும் பிறந்துவிட்டது. முதல் தொகுப்பிலேயே "சேனல்" என்று ஒரு சீட்டு, தன் உயிரைக் கொடுத்து மானா வாங்கலாம். "ஃபயர்பால்" என்று இன்னொன்று, எவ்வளவு மானா போடுகிறோமோ அவ்வளவு அடி. தன் 20 உயிரில் 19ஐ அடகு வைத்து எதிராளியை ஒரே அடியில் முடித்துவிடலாம். அடகு என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் போட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

பேத்தியின் கட்டில் உள்ள இரண்டு சீட்டுகளின் பெயர் "டிசீவர் எக்ஸார்க்", "ஸ்ப்ளின்டர் ட்வின்". முதலாவது ஓர் உயிரினம். மூன்று மானா. எதிராளியின் முறையிலும் இதை இறக்கலாம். வந்த உடனே நம்முடைய சாய்ந்த சீட்டு ஒன்றை நிமிர்த்தும், அல்லது எதிராளியின் சீட்டு ஒன்றைச் சாய்க்கும். இரண்டாவது, உயிரினத்தின் மேல் ஒட்டிவைக்கும் மந்திரம். நான்கு மானா. ஒட்டிய உயிரினத்தைச் சாய்த்தால் அதன் நகல் ஒன்று பிறக்கும். நகல் அந்தச் சுற்றிலேயே அடிக்கலாம், சுற்றின் முடிவில் மறைந்துவிடும்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். எக்ஸார்க்கைச் சாய்த்தால் ஒரு நகல் எக்ஸார்க். நகல் வந்த உடனே மூல எக்ஸார்க்கை நிமிர்த்தும். நிமிர்ந்ததை மறுபடி சாய்த்தால் இன்னொரு நகல். இதற்கு முடிவே இல்லை. எத்தனை தடவை என்று ஓர் எண்ணைச் சொன்னால் போதும், விதி ஏற்றுக்கொள்ளும். ஒவ்வொன்றும் ஓர் அடி அடிப்பதால் இருபது போதும். ஆனால் பிள்ளைகள் "ஒரு மில்லியன்" என்பார்கள். முதல் நாள் இதைப் பார்த்தபோது நான் உரக்கச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இது நியாயமான ஆட்டமே இல்லை. நான் ஒரு பக்கம் படை திரட்டுகிறேன், இந்தப் பெண் தனியாக ஏதோ கணக்குப் போட்டு முடித்துவிடுகிறாள்" என்று அந்தக் கடையில் ஒரு நடுவயதுக்காரர் குறைபட்டார். இந்தக் குறை பழையது. 1998-99 குளிர்காலத்தை இந்த ஆட்டக்காரர்கள் இன்றும் "காம்போ வின்டர்" என்கிறார்கள். எதிராளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, ஒருவரே ஆடி முடித்த காலம் அது. பல சீட்டுகளைத் தடை செய்ய வேண்டியிருந்தது. 1999இல் "மெமரி ஜார்" என்ற சீட்டை வெளிவந்த சில வாரங்களுக்குள்ளேயே தடை செய்தார்கள். பேத்தியின் ட்வின் சீட்டும் தண்டனை அனுபவித்ததுதான். 2011இல் பிலடெல்பியாவில் நடந்த புரோ டூர் போட்டியில் சாமுவேலே எஸ்ட்ராட்டி என்ற இத்தாலியர் இதை வைத்து ஜெயித்தார். அந்தப் போட்டி நடந்த "மாடர்ன்" என்ற பிரிவில் 2016 ஜனவரியில் இதைத் தடை செய்தார்கள். 2024 டிசம்பரில்தான் தடை நீங்கியது.

ஆகவே நடுவயதுக்காரர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. எதிராளிக்கு வேலையே இல்லாத காம்போ ஆட்டமல்ல. ஆனால் ட்வின் அந்த வகை இல்லை. அது ஏன் என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

ஒரு மாலை சாப்பாட்டு மேசையில் நானும் அவளும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தோம். 60 சீட்டில் ஒரு சீட்டு நான்கு பிரதி. ஆரம்பத்தில் கைக்கு ஏழு. அந்த ஏழில் அது ஒன்றாவது இருக்க வாய்ப்பு எவ்வளவு? 40 சதவீதம். சரி, இரண்டு வகைச் சீட்டு, வகைக்கு நான்கு. இரண்டு வகையும் ஏழுக்குள் இருக்க வாய்ப்பு? பேத்தி "இருபது இருக்கும்" என்றாள். போட்டுப் பார்த்தால் பதினாலரை. ஏழு ஆட்டத்துக்கு ஒரு தடவை.

இதனால்தான் எக்ஸார்க்குக்குத் துணையாக "பெஸ்டர்மைட்" என்ற இன்னொரு சீட்டையும் நான்கு போடுகிறார்கள். அதுவும் ட்வினோடு சேர்ந்து அதே வேலையைச் செய்யும். இப்போது ஒரு பக்கம் எட்டு, மறுபக்கம் நான்கு. மொத்தம் பன்னிரண்டு. வாய்ப்பு 24 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. இரண்டாவதாக ஆடுபவர் நான்காம் சுற்றில் பதினொரு சீட்டு பார்த்திருப்பார். அப்போது நாற்பத்தைந்தரை சதவீதம்.

நாற்பத்தைந்தரை என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. "அப்போ பாதிக்கு மேல வராதா தாத்தா?"

"வராது. வரலைன்னா என்ன செய்வே?"

கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது, அந்தக் கேள்வி என்னுடையது அல்ல என்று. முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் என் மனைவி என்னிடம் கேட்டது.

அதுவும் 1993தான். அப்போது நாங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தோம். ஊருக்குத் தெற்கே புதுப் பேருந்து நிலையம் வரப்போகிறது என்று பேச்சு. அங்கே இரண்டு மனை வாங்கிப் போட்டால் இரண்டே வருடத்தில் மும்மடங்கு. கையில் பணம் இல்லை. ஆனால் பூர்வீக வயலில் என் பங்கை வாங்கிக்கொள்வதாக உறவுக்காரர் ஒருவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தப் பணம் வரும்வரை மனைவியின் நகையை வைத்துச் சமாளிக்கலாம் என்று திட்டம். பதினெட்டுப் பவுன்.

நகையைக் கழற்றிக் கொடுக்கும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பஸ் ஸ்டாண்டு அங்க வரலைன்னா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல காரியத்துக்குப் போகும்போது அபசகுனமா பேசாதே" என்றேன். கணக்கு வாத்தியார் சொல்லுகிற பதிலா அது?

பேருந்து நிலையம் ஊருக்கு வடக்கே வந்தது. உறவுக்காரர் பின்வாங்கினார். இரண்டு சீட்டில் ஒன்று கூட வரவில்லை. மீதி நகையை மீட்க ஐந்து வருடம் ஆயிற்று, நான்கு பவுன் ஏலத்தில் போயிற்று. அந்த வருடங்களில் உறவில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என் மனைவி மஞ்சள் கயிறும் ஒரு கவரிங் சங்கிலியுமாகத்தான் நின்றாள். என் மகன் அப்போது எட்டாம் வகுப்பு. அவன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒரு நாளும் சீட்டைத் தொட்டதில்லை. ஆனாலும் "சீட்டு நம்ம வீட்டுக்கு ஆகாது" என்று அவன் சொல்லும்போது யாரைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும்.

இப்போது பேத்தியின் கட்டுக்கு வருகிறேன். பன்னிரண்டு சீட்டுதான் அந்த அதிசயம். மீதி நாற்பத்தெட்டு? 23 நிலம். பாக்கி 25 சீட்டும் என் மனைவி கேட்ட கேள்விக்கான பதில்கள்.

வேண்டிய சீட்டு வரலைன்னா? "செரம் விஷன்ஸ்" மாதிரிச் சீட்டுகள் இருக்கின்றன. ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த இரண்டையும் எட்டிப் பார்க்கலாம். வேண்டாததை அடியில் தள்ளலாம். எதிராளி விடலைன்னா? "டிஸ்பெல்" இருக்கிறது. ஒரே மானாவில் அவருடைய திடீர் மந்திரத்தை ரத்து செய்யும். அவர் முந்திக்கொண்டு அடித்தால்? "லைட்னிங் போல்ட்" இருக்கிறது. மூன்று அடி. கட்டைத் தயாரிப்பது என்றால் அந்த இரண்டு சீட்டைக் கண்டுபிடிப்பது அல்ல. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான், இணையத்தில் கிடைக்கிறது. இந்த 25ஐ எதற்கு எத்தனை என்று தீர்மானிப்பதுதான் கட்டுவது. அவள் ஒரு சீட்டைச் சேர்க்கவா எடுக்கவா என்று ஒரு வாரம் யோசித்ததை நான் பார்த்தேன்.

கட்டியதை ஓட்டுவது இன்னொரு கலை. ஆரம்பத்தில் அவள் தோற்றுக்கொண்டேதான் இருந்தாள். காரணம் அவசரம். நான் போன மூன்றாவது வெள்ளிக்கிழமை அந்த நடுவயதுக்காரரோடு ஆடினாள். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயித்தால் வெற்றி. முதல் ஆட்டத்தில் நான்காம் சுற்றிலேயே இரண்டும் கையில். எக்ஸார்க்கை அவருடைய முறை முடியும் தறுவாயில் இறக்கினாள். வந்த சுற்றில் அதைச் சாய்க்க முடியாது என்பதால் அப்படித்தான் இறக்க வேண்டும். தன் முறை வந்ததும் ட்வினை ஒட்டப் போனாள். மந்திரம் இன்னும் ஒட்டவில்லை. அதற்குள் அவர் ஒரே ஒரு மானா செலவில் "பாத் டு எக்சைல்" போட்டு எக்ஸார்க்கை ஆட்டத்தை விட்டே அனுப்பிவிட்டார். ஒட்ட ஆள் இல்லாமல் ட்வினும் குப்பைக்குப் போயிற்று. அவருக்கு ஒரு சீட்டு செலவு, இவளுக்கு இரண்டு. அதோடு ஆட்டம் போயிற்று. காரில் வரும்போது அழுதாள்.

மனையும் வயலும் ஒன்றாகப் போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை இருந்தது. இதுதான் விளையாட்டின் பெரிய புண்ணியம். நான் ஐந்து வருடமும் நான்கு பவுனும் கொடுத்து வாங்கிய பாடம் அவளுக்கு ஒரு மாலையில், ஒரு காகித அட்டையின் செலவில் கிடைத்தது.

கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். ஏழு சீட்டு கைக்கு வந்ததும் முன்பெல்லாம் காம்போ இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். இப்போது நிலம் இருக்கிறதா, பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்த்தாள். சரியில்லை என்றால் கையைத் திருப்பிப் போட்டுவிட்டு வேறு ஏழு எடுப்பாள், அதற்கு அபராதமாக ஒரு சீட்டைக் கட்டின் அடியில் வைக்க வேண்டும் என்றாலும். எதிராளிக்கு எத்தனை நிலம் நிமிர்ந்திருக்கிறது என்று எண்ணக் கற்றுக்கொண்டாள். எக்ஸார்க் வரும்போது அவருடைய நிலம் ஒன்றைச் சாய்த்துவிட்டால் தன் முறையில் அவர் கையில் அவ்வளவு சக்தி குறையும் என்பதைப் பயன்படுத்தினாள். எக்ஸார்க் நான்கு அடி தாங்கும், மூன்று அடி லைட்னிங் போல்ட் அதைக் கொல்லாது. பெஸ்டர்மைட் ஒரே அடியில் போய்விடும். யாருக்கு எதிராக எதை இறக்குவது என்பதும் கணக்கு. இரண்டும் கையில் இருந்தும், நான்கு நிலம் இருந்தும், போடாமல் இரண்டு சுற்று காத்திருந்ததை ஒரு நாள் பார்த்தேன். பதினைந்து வயதில் அந்தப் பொறுமை எளிதல்ல. முப்பத்தெட்டு வயதில் எனக்கு இருக்கவில்லை.

கடைசி வாரம் மறுபடி அதே நடுவயதுக்காரர். முதல் ஆட்டம் அவருக்கு. இரண்டாவதில் இவள் டிஸ்பெல்லைக் கையில் வைத்துக்கொண்டு ட்வினைப் போட்டாள். அவர் பாத் போட்டார், இவள் டிஸ்பெல் போட்டாள். மில்லியன் எக்ஸார்க். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டங்களுக்கு இடையில், தனியாக வைத்திருக்கும் 15 உபரிச் சீட்டிலிருந்து மாற்றிக்கொள்ளலாம். ஏதோ மாற்றினாள்.

மூன்றாவது ஆட்டம் நீண்டது. ஒவ்வொரு சுற்றிலும் அவர் ட்வினுக்குப் பயந்து இரண்டு நிலத்தைச் செலவழிக்காமல் நிமிர்த்தியே வைத்திருந்தார். அதனால் அவருடைய படை மெதுவாகத்தான் வந்தது. இவள் ஒரு பெஸ்டர்மைட்டை இறக்கினாள். பறந்து போய் இரண்டு அடி. அவர் அதைக் கொன்றார். இன்னொன்றை இறக்கினாள். அவர் காத்திருந்தார். இரண்டு பெஸ்டர்மைட்டும் சேர்ந்து ஏழு தடவை அடித்தன, ஏழிரண்டு பதினான்கு. லைட்னிங் போல்ட் இரண்டு, ஆறு. மொத்தம் இருபது. காம்போவே நடக்கவில்லை, ஆட்டம் முடிந்துவிட்டது.

காரில் கேட்டேன். "ட்வின் கைக்கு வரவே இல்லையாம்மா?"

"கட்டுலயே இல்ல தாத்தா. நாலையும் வெளிய எடுத்துட்டேன். அவருக்குத்தான் அது தெரியாதே."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மகனும் பேசவில்லை.

அன்றிரவு என் தீர்ப்பைச் சொன்னேன். விளையாடட்டும். ஒரே ஒரு நிபந்தனை. இந்தச் சீட்டுகளை இரண்டு விதமாக வாங்கலாம். வேண்டிய சீட்டை விலை தெரிந்து தனியாக வாங்குவது ஒன்று. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மூடிய உறையை வாங்கி, விலை உயர்ந்த சீட்டு அடிக்குமா என்று பிரித்துப் பார்ப்பது மற்றொன்று. என் கருத்தில் இரண்டாவதுதான் நாம் பயப்பட வேண்டிய சீட்டு. அதில் "வரலைன்னா?" என்ற கேள்விக்கு "இன்னொன்று வாங்கு" என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது. ஆகவே உறை கூடாது, தனிச் சீட்டு மட்டும். ஒரு நல்ல கட்டுக்குப் பல நூறு டாலர் ஆகும் என்பதால் மாதத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு. பேத்தி ஒப்புக்கொண்டாள்.

மகன் என்னைப் பார்த்தான். "நீங்களே சொல்றீங்களாப்பா?" என்றான்.

"நான்தான் சொல்லணும்" என்றேன்.

என் மனைவி அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இத்தனையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேத்தியிடம், "அந்த நாலு சீட்ட எதுக்குடி வெளிய எடுத்தே? அதுதானே நல்ல சீட்டு?" என்று கேட்டாள்.

"அது வரலைன்னாலும் ஜெயிக்கணும்ல பாட்டி" என்றாள் அவள்.

மனைவி என் பக்கம் திரும்பி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். முப்பத்திரண்டு வருடமாக அவள் சொன்னதில்லை. அன்றிரவு படுக்கப் போகும் முன் நானாகவே சொன்னேன், "அன்னிக்கு நீ கேட்டது சரியான கேள்வி" என்று.

"இப்பவாவது தெரிஞ்சுதே" என்றாள்.